பாத்ஃபைண்டிங்.ஜேஎஸ் விமர்சனம்: அந்த ‘பை-டைரக்‌ஷனல்’ டிக்கை நம்பலாமா?

பாத்ஃபைண்டிங்.ஜேஎஸ் என்பது கட்டம் போட்ட வரைபடத்தில் வழி தேடுவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. இலவசம், எம்ஐடி உரிமம், நிரல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. கூடவே உலாவியிலேயே ஓடும் டெமோ ஒன்றும் உண்டு. நான் ஏஐ பாடம் எடுக்கிறேன். தேடல் அல்காரிதங்கள் வரும்போது இந்த டெமோவைத் திறக்காமல் வகுப்பை நடத்துவதில்லை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழகாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த விமர்சனம் அதிலிருக்கும் ஒரே ஒரு டிக் பெட்டியைப் பற்றியது: முடிவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கணித்துக்கொண்டே வழி தேடும் ஏ ஸ்டார் அல்காரிதத்துக்குக் கீழே இருக்கும் ‘பை-டைரக்‌ஷனல்’. அதை டிக் செய்தால் தேடல் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் ஒரே சமயத்தில் கிளம்பும், நடுவில் எங்கோ தொட்டுக்கொள்ளும், மஞ்சள் கோடு விழும். இருதிசைத் தேடலில் ஹியூரிஸ்டிக்கை, அதாவது அந்தத் தூரக் கணிப்பை, சேர்த்தால் வரும் உண்மையான சிக்கல் அந்தத் தொடுதலுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. டெமோவோ அங்கேயே நின்றுவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள். பச்சைக் கட்டம் தொடக்கம், சிவப்புக் கட்டம் முடிவு. வெள்ளை இடத்தில் மௌஸை இழுத்தால் சுவர் எழும்பும். வலது பக்கத்துப் பலகத்தில் ஏ ஸ்டார், டைக்ஸ்ட்ரா (கணிப்பு இல்லாமல், இதுவரை ஆன செலவை மட்டும் பார்த்துத் தேடுவது), பிரெட்த் ஃபர்ஸ்ட், பெஸ்ட் ஃபர்ஸ்ட், ஜம்ப் பாயின்ட் என்று வரிசையாக இருக்கும். தேடலை ஓட விட்டால் ஒவ்வொரு கட்டமாக நிறம் மாறிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்திப் பார்க்கலாம். முடிந்ததும் வழியின் நீளம், ஆன நேரம், செய்த செயல்களின் எண்ணிக்கை மூன்றும் கீழே வரும். புத்தகத்தில் ஓப்பன் லிஸ்ட் (அடுத்து விரிக்கக் காத்திருக்கும் கட்டங்களின் பட்டியல்) என்று படித்தபோது புரியாதவர்கள்கூட, வளர்ந்துகொண்டே போகும் அந்த விளிம்பைப் பார்த்ததும் “ஓ, இதுதானா” என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு இலவசக் கருவி இதைச் செய்வது பெரிய விஷயம்.

ஹியூரிஸ்டிக் தேர்வும் தாராளம். மான்ஹாட்டன் (நேர் அடிகள் மட்டும்), யூக்ளிடியன் (நேர்கோட்டுத் தூரம்), ஆக்டைல் (நேர் அடியும் மூலைவிட்ட அடியும்), செபிஷெவ் (கிடைத் தூரம், செங்குத்துத் தூரம் இரண்டில் பெரியது) என்று நான்கு. இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. மூலைவிட்டமாக நகரலாம் என்பதையும் மான்ஹாட்டனையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் பக்கம் தடுக்காது. முடிவு 7 கட்டம் வலப்புறம், 3 கட்டம் மேலே இருக்கிறது என்று வையுங்கள். மூலைவிட்ட அடிக்குச் செலவு இரண்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.41. தடையே இல்லாத இடத்தில் உண்மையான குறைந்த செலவு 3 மூலைவிட்ட அடியும் 4 நேர் அடியும் சேர்ந்து 8.24. ஆக்டைல் சொல்வதும் அதே 8.24. யூக்ளிடியன் 7.62 என்கிறது, செபிஷெவ் 7 என்கிறது. குறைத்துச் சொல்வதால் ஆபத்தில்லை, கொஞ்சம் கூடுதலாகத் தேட வேண்டிவரும், அவ்வளவுதான். மான்ஹாட்டன் மட்டும் 10 என்கிறது. உண்மையை மீறிச் சொல்லும் ஹியூரிஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஏ ஸ்டார் கண்டுபிடிக்கும் வழி குறுகியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உறுதி போய்விடும். எடை என்ற பெட்டியில் 1-க்கு மேல் போட்டாலும் இதே கதைதான். ஒருதிசைத் தேடலிலேயே இப்படி என்றால், இரண்டு பக்கமும் ஹியூரிஸ்டிக் வைக்கும்போது இது இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம். மூலைவிட்டம் உண்டு என்றால் ஆக்டைல், இல்லை என்றால் மான்ஹாட்டன். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, டிக் பெட்டிக்கு வருவோம்.

இருதிசைத் தேடலுக்கு எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லும் காரணம் அடுக்குக் கணக்கு. ஒவ்வொரு நிலையிலிருந்தும் 2 கிளை, விடை 20 அடி ஆழத்தில் என்றால், ஒருபக்கத் தேடலின் கடைசி அடுக்கில் மட்டும் 10,48,576 நிலைகள். இரண்டு பக்கமும் 10 அடி வீதம் போனால் பக்கத்துக்கு 1,024, மொத்தம் 2,048. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைக் கேட்டுவிட்டு டெமோவைத் திறக்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஏனென்றால் கட்டம் போட்ட வரைபடத்தில் கிளைகள் அடுக்காகப் பெருகுவதில்லை. பக்கத்துக் கட்டங்களின் கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அதே கட்டங்களுக்கே திரும்ப வருகின்றன. டைக்ஸ்ட்ராவை ஓட விட்டால் தேடிய பகுதி ஏறத்தாழ வட்டமாக விரியும், அதன் பரப்பு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பெரிய வட்டத்துக்குப் பதில் பாதி ஆரமுள்ள இரண்டு வட்டங்கள் என்றால் மொத்தப் பரப்பு பாதியாகும். அதோடு சரி. ஆகவே இந்த டெமோவில் பார்க்கும் லாபத்தை வைத்து இருதிசைத் தேடலே இவ்வளவுதான் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. 4×4 பலகையில் எண் ஓடுகளை நகர்த்தி அடுக்கும் 15 புதிர் போன்ற இடத்தில் எட்டக்கூடிய நிலைகள் சுமார் 10.46 லட்சம் கோடி; இந்த யோசனையின் பலம் தெரிவது அந்த மாதிரி இடங்களில்தான்.

டைக்ஸ்ட்ராவுக்குப் பாதியாவது மிச்சமாகிறது. ஏ ஸ்டாருக்கு அதுவும் நிச்சயமில்லை. சுவரே இல்லாத வெளியில் பச்சையையும் சிவப்பையும் சாய்வாக, தள்ளி வைத்துவிட்டு ஆக்டைலோடு ஒருமுறை ஓட்டுங்கள், அப்புறம் டிக் செய்து ஓட்டுங்கள். ஒருதிசை ஏ ஸ்டார் ஏற்கெனவே மெலிந்த பட்டையாகத்தான் போகிறது. அதில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சம நீளமுள்ள வழிகள் ஏராளம். அவை எல்லாம் சேர்ந்து ஓர் இணைகரத்தை நிரப்புகின்றன. முன்பக்கத் தேடல் அந்த இணைகரத்தின் ஒரு ஓரமாகப் போகலாம், பின்பக்கத் தேடல் எதிர் ஓரமாக வரலாம். இரண்டும் எதிர்முனையைக் குறிபார்த்துப் போகின்றனவே தவிர, ஒன்றையொன்று குறிபார்ப்பதில்லை.

இந்தப் பயம் புதிதல்ல. 1960-களின் கடைசியில் ஐரா போல் என்ற ஆராய்ச்சியாளர் ஹியூரிஸ்டிக்கோடு கூடிய இருதிசைத் தேடலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த லாபம் வரவில்லை. எதிரெதிராக ஏவப்பட்ட இரண்டு ஏவுகணைகள் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடுவதைப் போல, இரண்டு விளிம்புகளும் சந்திக்காமலேயே கடந்துவிடுகின்றன என்ற விளக்கம் ரொம்ப நாள் ஓடியது. அதற்கு மருந்தாகத்தான் விளிம்புக்கு விளிம்பு ஹியூரிஸ்டிக் வந்தது. 1977-ல் டி ஷாம்போவும் சின்ட்டும் வெளியிட்டார்கள். எதிர்முனைக்கு எவ்வளவு தூரம் என்று கணிப்பதற்குப் பதில், எதிர்ப்பக்க விளிம்பில் உள்ள ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு தூரம் என்று கணித்து, அங்கே செலவான தூரத்தையும் கூட்டி, மிகச் சிறியதை எடுப்பது. கணிப்பு கூர்மையாகும். ஆனால் எதிர் விளிம்பில் ஆயிரம் நிலை இருந்தால், ஒரே ஒரு நிலையை மதிப்பிட ஆயிரம் கணக்கு போட வேண்டும். பாத்ஃபைண்டிங்.ஜேஎஸ் இந்த வம்புக்குப் போகவில்லை. முன்பக்கம் சிவப்புக் கட்டத்தையும் பின்பக்கம் பச்சைக் கட்டத்தையும் பார்த்தே கணிக்கின்றன. அது நியாயமான தேர்வு. குறை சொல்ல மாட்டேன்.

டிக் பெட்டி உண்மையிலேயே கை கொடுக்கும் ஓர் அமைப்பு உண்டு. சிவப்புக் கட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, வாய் மட்டும் பச்சைக்கு எதிர்த் திசையில் திறந்திருக்கும்படி விடுங்கள். ஒருதிசை ஏ ஸ்டார் நேராக வந்து சுவரின் முதுகில் முட்டும். முடிவு பக்கத்திலேயே இருக்கிறது என்று ஹியூரிஸ்டிக் சொல்லிக்கொண்டே இருப்பதால் அங்கேயே பரவும், அகலும், ஒருவழியாகச் சுற்றிக்கொண்டு வாய்க்கு வரும். இப்போது டிக் செய்யுங்கள். சிவப்பிலிருந்து கிளம்பும் தேடலுக்கும் ஏமாற்றம்தான். அதுவும் சுவரில் முட்டுகிறது. ஆனால் அது பரவ இடம் எங்கே? சுவருக்குள் இருக்கும் சில கட்டங்கள்தான். அதை நிரப்பிவிட்டு வாய் வழியாக வெளியே வந்து, சுவரைச் சுற்றி, பரவிக்கொண்டிருக்கும் முன்பக்கத்தைத் தொட்டுவிடும். இப்போது சுவரைச் சிவப்பிலிருந்து எடுத்துப் பச்சையைச் சுற்றி அதே மாதிரி கட்டினால் கதை தலைகீழ். ஒருதிசைத் தேடலே அடைபட்ட சிறிய இடத்தை நிரப்பிவிட்டு வெளியே வந்துவிடும், டிக் பெட்டியால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. எந்தப் பக்கம் ஹியூரிஸ்டிக் பொய் சொல்கிறது, அந்தப் பொய்க்குப் பரவ எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். இதை நான் வாயால் விளக்கினால் யாருக்கும் ஏறாது. டெமோவில் இரண்டு படமும் அடுத்தடுத்து ஓடும்போது கேள்வியே வராமல் புரிகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவியை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இனிமேல்தான் என் மனத்தாங்கல். லைப்ரரியின் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தால், எந்தெந்தத் தேடல் முறைகள் மிகக் குறுகிய வழியை உறுதியாகத் தரும் என்று நட்சத்திரக் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். சாதாரண ஏ ஸ்டாருக்குக் குறி உண்டு. இருதிசை ஏ ஸ்டாருக்குக் குறி இல்லை. நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மரியாதை. ஆனால் டெமோ பக்கத்தில் அந்த நட்சத்திரம் கிடையாது. டிக் செய்கிறவர் வேகத்துக்கான விருப்பம் என்று நினைத்துத்தான் செய்கிறார். விடையின் தரத்தையே மாற்றும் விருப்பம் அது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அதுவும் மஞ்சள் கோட்டில் பிசகு இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். கட்டத்தில் எல்லா அடியும் 1 அல்லது 1.41; நிலத்துக்கு நிலம் செலவு மாறும் வசதியே இந்த லைப்ரரியில் இல்லை; கட்டம் திறந்திருக்கும், இல்லையென்றால் அடைத்திருக்கும். தப்பு வந்தாலும் சின்னதாகத்தான் வரும்.

செலவுகள் வேறுபடும் இடத்தில் என்ன ஆகும் என்று ஒரு குட்டி வரைபடத்தில் காட்டுகிறேன். தொடக்கத்திலிருந்து ‘ம’ என்ற முனைக்குச் செலவு 5, ‘ம’விலிருந்து முடிவுக்கு 5. இது ஒரு வழி, மொத்தம் 10. இன்னொரு வழி: தொடக்கம் – ‘ச’ 3, ‘ச’ – ‘ட’ 3, ‘ட’ – முடிவு 3. மொத்தம் 9. இப்போதைக்கு ஹியூரிஸ்டிக்கை மறந்துவிடுங்கள். முன்பக்கம் தொடக்கத்தை விரிக்கிறது: ‘ம’ 5, ‘ச’ 3 கிடைக்கின்றன. பின்பக்கம் முடிவை விரிக்கிறது: ‘ம’ 5, ‘ட’ 3 கிடைக்கின்றன. ‘ம’ இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. தொட்டாகிவிட்டது, வழி 10. தொட்டதும் நிறுத்துகிறவர் இதைத்தான் விடையாகத் தருவார். நிறுத்தாமல் ‘ச’வை விரித்திருந்தால் ‘ட’ தெரிந்திருக்கும், 6-உம் 3-உம் சேர்ந்து 9 வந்திருக்கும். எப்போது நிறுத்துவது? இரண்டு பட்டியலின் தலையிலும் இருக்கும் சிறிய செலவுகளைக் கூட்டினால் கையிலிருக்கும் சிறந்த விடையைத் தொட வேண்டும். தொட்ட உடனே 3 + 3 = 6; இன்னும் 10-ஐத் தொடவில்லை, தொடர வேண்டும். 9 கிடைத்து, ‘ச’வும் ‘ட’வும் விரிந்து முடிந்த பிறகு 5 + 5 = 10; இனி 9-ஐ விடக் குறைவாக எதுவும் வராது, நிறுத்தலாம். இருதிசை டைக்ஸ்ட்ராவின் மொத்த ரகசியமும் இந்த விதிதான்.

இதில் ஹியூரிஸ்டிக்கைச் சேர்த்தால் விதி குழம்புகிறது. ஏ ஸ்டாரில் பட்டியலின் தலையில் இருப்பது செலவான ஜி-யும் கணித்த எச்-உம் சேர்ந்த எஃப். முன்பக்க எஃப் ஏற்கெனவே முழு வழியின் கணிப்பு. பின்பக்க எஃப்பும் முழு வழியின் கணிப்பு. இரண்டையும் கூட்டினால் ஒரே தூரத்தை இரண்டு முறை எண்ணியதாகும். அதனால் கூட்டாமல் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: முன்பக்கத்தின் மிகச் சிறிய எஃப், பின்பக்கத்தின் மிகச் சிறிய எஃப், இரண்டு பக்கத்து மிகச் சிறிய ஜி-க்களோடு மிகச் சிறிய ஓர் அடியின் செலவையும் கூட்டிய தொகை. இந்த மூன்றில் பெரியது கையிலிருக்கும் விடையைத் தொட்டால் நிறுத்தலாம். ஹியூரிஸ்டிக் உண்மையை மீறிச் சொல்லாத வரை இது சரி. பாத்ஃபைண்டிங்.ஜேஎஸ் கட்டத்தில் மிகச் சிறிய அடி 1 என்பதால் மூன்றாவது எண் நன்றாகவே உதவும்.

இங்கேதான் 1997-ல் கைன்டிலும் கைன்ஸும் எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்தமானது. விளிம்புகள் கடந்து போய்விடுகின்றன என்ற பழைய விளக்கம் தவறு, அவை சந்திக்கத்தான் செய்கின்றன என்று காட்டினார்கள். நல்ல விடை சீக்கிரமே கையில் வந்துவிடுகிறது. அதைவிடக் குறைவாக வேறு இல்லை என்று நிரூபிக்கத்தான் உழைப்பின் பெரும்பகுதி போகிறது. டெமோவில் இருதிசை ஏ ஸ்டார் அவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், அந்த நிரூபணப் பகுதியை அது செய்வதே இல்லை. செயல்களின் எண்ணிக்கையை ஒருதிசை ஏ ஸ்டாரோடு ஒப்பிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு குறைவு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒன்று நிரூபித்துவிட்டு நிற்கிறது, மற்றது நிரூபிக்காமல் நிற்கிறது. இரண்டின் எண்களையும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

குழப்பத்தைத் தீர்க்க இரண்டு நல்ல வழிகள் வந்தன. 1994-ல் இக்கேடா குழுவினர் சொன்னது: முன்பக்கக் கணிப்பிலிருந்து பின்பக்கக் கணிப்பைக் கழித்துப் பாதியாக்கி முன்பக்கம் அதைப் பயன்படுத்தட்டும், பின்பக்கம் அதன் எதிர்மறையைப் பயன்படுத்தட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால் டைக்ஸ்ட்ராவின் எளிய நிறுத்த விதியே மறுபடியும் செல்லும். விலை என்னவென்றால், ஹியூரிஸ்டிக்கின் கூர்மை குறைந்துவிடும். சாலை வழித் தேடலில் இது நன்றாகவே உழைக்கிறது.

இரண்டாவது, 2016-ல் ஹோல்ட், ஃபெல்னர், ஷரோன், ஸ்டர்ட்டிவன்ட் நால்வரும் வெளியிட்ட எம்எம் என்ற இருதிசைத் தேடல் முறை. எனக்கு இதன் எளிமை இன்றும் ஆச்சரியம். ஒரு முனையின் முன்னுரிமை அதன் எஃப், ஜி-யின் இரட்டிப்பு, இரண்டில் எது பெரியதோ அது. அவ்வளவுதான் மாற்றம். ஜி பாதியைத் தாண்டினால் அதன் இரட்டிப்பு விடையைத் தாண்டிவிடும், அந்த முனையின் முறை வரவே வராது. ஆகவே இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் போகாது என்பது உறுதி. நம் குட்டி வரைபடத்தில் ‘ம’வின் ஜி 5, இரட்டிப்பு 10, விடை 9 என்பதால் ‘ம’வை எந்தப் பக்கமும் விரிப்பதில்லை. அடுத்த ஆண்டே என்பிஎஸ் என்ற இன்னொரு முறை வந்தது. ஒரு முனையாகப் பார்க்காமல், முன்பக்கத்தில் ஒன்று பின்பக்கத்தில் ஒன்று என்று ஜோடியாகப் பார்த்து, விடையை நிரூபிக்க அந்த ஜோடியில் ஒன்றையாவது விரித்தே ஆக வேண்டும் என்ற கணக்கில் நகர்வது. இந்த வகையில் தவிர்க்கவே முடியாத குறைந்தபட்ச எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது விரிக்காது என்று நிரூபித்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் இருதிசைதான் எப்போதும் மேல் என்று நினைத்துவிட வேண்டாம். 2015-ல் பார்க்கரும் கார்ஃபும் எழுதியது நியாயமான எச்சரிக்கை: ஹியூரிஸ்டிக் பலமாக இருந்தால் பேசாமல் ஒருதிசை ஏ ஸ்டார் போதும், பலவீனமாக இருந்தால் ஹியூரிஸ்டிக்கே இல்லாத இருதிசைத் தேடல் போதும். இடைப்பட்ட நிலத்தில் இரண்டையும் சேர்ப்பதால் எவ்வளவு லாபம் என்பதில்தான் எம்எம்-க்குப் பிறகு வந்தவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பேட்டர்ன் டேட்டாபேஸ் போல முன்கூட்டியே கட்டி வைக்கும் ஹியூரிஸ்டிக்குகள் ஒரு குறிப்பிட்ட முடிவுக்காகக் கட்டப்பட்டவை. பின்பக்கத் தேடலின் ‘முடிவு’ நம் தொடக்கம். அது கேள்விக்குக் கேள்வி மாறும். கட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை, எந்தப் புள்ளிக்கும் ஆக்டைல் போட்டுவிடலாம். டெமோவில் மட்டும் பழகினால் இது ஒரு பிரச்சினை என்றே தெரியாமல் போகும்.

அப்படியென்றால் நாமே திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுக்கிறேன். லைப்ரரியில் இருதிசை ஏ ஸ்டாருக்கான பைஏஸ்டார்ஃபைண்டர் கோப்பைத் திறந்தால் சுருக்கமாக, படிக்க இதமாக இருக்கிறது. ஒரு சுற்றில் முன்பக்கத்தில் ஒரு கட்டம், பின்பக்கத்தில் ஒரு கட்டம். பக்கத்துக் கட்டம் எதிர்த்தரப்பால் ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே வழியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டுச் சிறந்த விடையைக் குறித்துக்கொண்டு தொடர்ந்தால் போதும் என்று எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜி ஒன்றுதான், எச் ஒன்றுதான், பெற்றோர் ஒன்றுதான், யார் திறந்தது என்ற குறியும் ஒன்றுதான். தொட்டதும் நின்றுவிடுவதாக இருந்தால் அது போதும். தொடர வேண்டுமென்றால் ஒரே கட்டத்துக்கு முன்பக்க ஜி-யும் பின்பக்க ஜி-யும் தனித்தனியாக வேண்டும். மூடிய குறியும் தனித்தனியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மூடியதை மறுபக்கம் தாண்டிப் போய்விடும். எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து, மேலே சொன்ன மூன்று எண் விதியைச் சேர்த்தால்தான் நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் தகுதி வரும். நல்ல பயிற்சி. ஆனால் விளையாட்டு உருவாக்கும் ஒருவர் லைப்ரரியை நிறுவிவிட்டு இதைச் செய்துகொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மாற்று வேண்டுமென்றால்: பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் லைப்ரரி. அதன் இருதிசை டைக்ஸ்ட்ரா ஒழுங்கான நிறுத்த விதியோடு வருகிறது, நீளத்தையும் வழியையும் சேர்த்தே தருகிறது. ஹியூரிஸ்டிக் வேண்டுமென்றால் அதன் ஏ ஸ்டார் ஒருதிசைதான். எம்எம்-ஐ வாசித்துப் புரிந்துகொள்ள ஏஐஎம்ஏ என்ற ஏஐ பாடப்புத்தகத்தின் நிரல் தொகுப்பான ஏஐஎம்ஏ-பைத்தானில் உள்ள இருதிசைத் தேடல் அருமை. ஒரே பார்வையில் மூன்று எண் விதியும் தெரியும். வேகத்துக்காக எழுதியதில்லை, செலவை மட்டும் தருகிறது, வழியைத் தராது. ஆராய்ச்சி என்றால் ஸ்டர்ட்டிவன்ட்டின் ஹாக்2 நிரல் தொகுப்பு; எம்எம், என்பிஎஸ் எல்லாம் உண்டு, சி++ தெரிந்திருக்க வேண்டும், பழக நாளாகும்.

பாத்ஃபைண்டிங்.ஜேஎஸ்ஸைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். ஒருமுறை தேடினால் அந்த கிரிட் (கட்ட வரைபடம்) மாறிவிடும், மறுபடி பயன்படாது; ஒவ்வொரு தேடலுக்கும் முன்னால் குளோன் (நகல்) எடுங்கள். ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். உங்கள் விடைகளைச் சோதிக்க மூவிங் ஏஐ தளத்தின் வரைபடத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன் ஏஜ், ஸ்டார்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளின் வரைபடங்களும், ஒவ்வொரு கேள்விக்கும் சரியான குறைந்தபட்ச நீளமும் அதிலேயே இருக்கின்றன. அங்கே சுவரின் மூலையை உரசிக்கொண்டு குறுக்கே போக அனுமதியில்லை. ஆகவே லைப்ரரியில் மூலைவிட்ட நகர்வைத் தடை இல்லாதபோது மட்டும் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் நீளம் ‘சரியானதை’ விடக் குறைவாக வந்து குழப்பும். ஆக்டைலோடு, எடை 1-ல் ஒருதிசை ஏ ஸ்டாரை ஓட்டுங்கள், நீளங்கள் ஒத்துப்போகும். அதே கேள்விகளை இருதிசையில் ஓட்டி, எத்தனை இடத்தில் எவ்வளவு கூடுகிறது என்று உங்கள் வரைபடத்திலேயே பாருங்கள். விளையாட்டில் ஒரு பாத்திரம் இரண்டு கட்டம் சுற்றி நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் தாராளமாக டிக் செய்துகொள்ளலாம்.

கற்பிக்க ஐந்துக்கு ஐந்து. ஒருதிசைத் தேடலுக்கு நான்கரை. இருதிசை ஏ ஸ்டாருக்கு மட்டும் இரண்டரை. பராமரிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தொட்ட பிறகும் தொடரட்டும் என்று இன்னொரு டிக் பெட்டியும், தொட்ட நொடியில் எத்தனை செயல், நிரூபித்து முடித்தபோது எத்தனை செயல் என்று தனித்தனியாக இரண்டு எண்ணும் வேண்டும்.